தரம் ஏற்ற அவசரப்படும் திருகோணமலைப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

உவர்மலையிலும் உப்புவெளியிலும் பாலையூற்றிலும் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் உங்களுக்கே இந்த மடல். வெளிநாட்டிலிருந்து திரும்பி, தமிழ் எழுத்துப் பழகும்வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பத் தயங்குகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். நீண்ட நாள் மருத்துவத்தில் இருக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் இருக்கிறீர்கள். வகுப்பறை ஒத்துவரவில்லை என்று யோசித்து முடிவெடுத்தவர்களும் இருக்கிறீர்கள். காரணம் எதுவானாலும் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்வி: "ரீச்சர், இவனை அடுத்த தரத்துக்கு ஏற்றலாமா?" சிலர் கேட்பதுகூட இல்லை, ஏற்றிவிட்டு வந்து சொல்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஆறாம் தரப் புத்தகம் படிக்கிறான் என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் பூரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. 2016இல் வந்த ஒழுங்குவிதியின்படி 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வீட்டில் படிப்பிக்கிறேன் என்ற ஒற்றை வார்த்தையால் அந்தக் கடமை கழிந்துவிடாது. வலயக் கல்வி அலுவலகத்தில் நேரில் போய்ப் பேசி, சொன்னதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அரசாங்கப் பாடசாலையில் பிள்ளையின் தரத்தை முடிவு செய்வது நாட்காட்டி. ஜனவரி 31ஆம் திகதியன்று 5 வயது பூர்த்தியாகியிருந்தால் முதலாம் தரம். பெப்ரவரி முதல் வாரத்தில் பிறந்தவன் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். சில நாள் இடைவெளியில் பிறந்த இரண்டு பிள்ளைகள் பள்ளிக்காலம் முழுவதும் ஒரு தரம் வித்தியாசத்திலேயே போவார்கள். அதன்பிறகு ஆண்டு பிறந்தால் தரமும் ஏறும். நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கும் ஆசிரியருக்கு வேறு வழியில்லை. அந்த ஏற்பாட்டோடு எனக்குப் பெரிய சண்டையும் இல்லை. வீட்டு மேசையில் ஒரேயொரு பிள்ளையை வைத்திருக்கும் நீங்கள் அதே நாட்காட்டியைச் சுமப்பதும், போதாக்குறைக்கு அதை முந்தப் பார்ப்பதும்தான் எனக்கு விளங்கவில்லை.

அரசாங்கம்கூட அப்படிச் செய்யவில்லை. 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் முதலாம், இரண்டாம் தரங்களைச் சேர்த்து முதன்மை நிலை ஒன்று என்றது. மூன்றாம், நான்காம் தரங்கள் நிலை இரண்டு. ஐந்தாம் தரம் நிலை மூன்று. ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிள்ளைக்குக் கைவந்திருக்க வேண்டியவற்றை அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று வரையறுத்தது. ஆறு வயதில் தடுமாறுகிறவன் ஏழு வயதில் பிடித்துக்கொள்ளட்டும் என்று இரண்டாண்டு இடம் விட்டிருக்கிறார்கள். பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஒருமுறை ஆசிரியர் வழிகாட்டியை எடுத்து அந்தத் தேர்ச்சிகளைப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். பிள்ளைக்கு ஒரு தரம் என்று எண்ணாதீர்கள். பாடத்துக்கு ஒரு தரம் என்று எண்ணுங்கள். ஒரே பிள்ளை வாசிப்பில் ஆறிலும் எழுத்தில் மூன்றிலும் கணிதத்தில் நான்கிலும் இருக்கலாம். அதில் குறையும் இல்லை, பெருமைப்பட ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு சிறுமி எட்டு வயதில் பத்திரிகைச் செய்தியைத் தட்டுத்தடங்கலின்றி வாசித்து, வாசித்ததைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்வாள். அரைப் பக்கம் எழுதச் சொன்னால் நான்காவது வரியில் கை நோகிறது என்பாள். ஐந்தாவது வரியில் றகரமும் ரகரமும் இடம் மாறும். அவளுடைய தாயார் வாசிப்பை வைத்து எல்லாப் பாடத்திலும் இரண்டு தரம் ஏற்றிவிட்டார். விளைவு, சுற்றாடல் பாடத்தில் விடை தெரிந்தும் எழுதி முடிக்க முடியாமல் பிள்ளை அழுதாள். வாசிப்பில் அவளை விட்டுப் பிடியுங்கள், நூலகத்துக்கு அழைத்துப் போங்கள், கிடைப்பதை வாசிக்கட்டும். எழுத்தில் அவள் வயதுக்குரிய கொப்பியே போதும்.

கணிதத்தில்தான் நான் பிடிவாதக்காரி. மற்றப் பாடங்களில் ஒரு அலகைத் தவறவிட்டால் அந்த அலகு மட்டும் தெரியாமல் போகும். கணிதத்தில் தவறவிட்டது அப்போது தெரியாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து வேறொரு பெயரில் வந்து நிற்கும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது முதலாம், இரண்டாம் தரங்களில் இருந்த பிள்ளைகளைப் பின்னாளில் பார்த்தவர்களுக்கு இது புரியும். இடப்பெறுமானத்தில் விழுந்த ஓட்டை பெருக்கலில் கொஞ்சம் கசிந்து, பின்னத்திலும் தசமத்திலும் உடைந்தது.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். 612ஐ 6ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 12 என்று எழுதினால், நெடும் பிரித்தல் அலகின் எல்லாப் பயிற்சியும் சரியென்று அடையாளமிடப்பட்டிருந்தாலும் அந்த அலகு முடியவில்லை. நடுவில் 1ஐ ஆறால் வகுக்க முடியாதபோது அந்த இடத்தில் ஒரு பூச்சியம் உட்கார வேண்டும் என்பது பிள்ளைக்குப் புரியவில்லை. அதைவிட முக்கியம், அறுநூறுக்கு மேற்பட்ட ஒன்றை ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பன்னிரண்டுதானா என்ற சந்தேகம் அவனுக்கு எழவில்லை. இன்னொன்று: முக்காலோடு அரையைக் கூட்டச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் ஒன்றேகால் என்று பட்டென்று சொல்லும் பிள்ளை, தாளில் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி ஆறில் நான்கு என்று எழுதி வைப்பான். ஆறில் நான்கு முக்காலைவிடக் குறைவு. கூட்டியபிறகு குறைந்துவிட்டதே என்று அவனே திடுக்கிடும் நாள்வரை பின்னத்திலேயே இருங்கள். அந்தத் திடுக்கிடல் வருவதற்கு முன் விகிதத்துக்கும் அட்சரகணிதத்துக்கும் போனால், சூத்திரத்தை மனனம் செய்கிற பிள்ளைதான் உங்களுக்குக் கிடைப்பான்.

அப்படியானால் எப்போது ஏற்றுவது? ஒரு அலகு முடிந்ததும் அன்றைக்கே வைக்கும் பரீட்சை எதையும் காட்டாது. சூடு ஆறாத சோற்றைப் பதம் பார்ப்பதுபோல அது. இரண்டு மூன்று கிழமை அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு வேறு கணக்குகளுக்கு நடுவே இரண்டை ஒளித்து வைத்துக் கொடுங்கள். நீங்கள் அடுப்படியில் இருங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் புருவத்தைப் பார்த்தே பிள்ளைகள் விடையை மாற்றிவிடுவார்கள்; அந்த வித்தையில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். தனியாகச் செய்து, எப்படிச் செய்தாய் என்று கேட்டால் தம்பிக்கோ தங்கைக்கோ விளங்குமாறு சொல்லவும் முடிந்தால் அடுத்ததற்குப் போங்கள். விடை சரி, விளக்கம் தடுமாறுகிறது என்றால் இன்னும் ஒரு கிழமை.

மறுபக்கம் நிற்கிறவர்களையும் சொல்லாமல் விட முடியாது. வாங்கிய பயிற்சிப் புத்தகம் வீணாகக் கூடாது என்று, தெரிந்த கணக்கையே பக்கம் பக்கமாகச் செய்விக்கிறவர்கள் அவசரக்காரர்களுக்கு எந்த வகையிலும் குறைந்தவர்கள் அல்லர். அலகைத் தொடங்குமுன் அதன் முடிவிலுள்ள பயிற்சியைக் கொடுத்துப் பாருங்கள். பத்தில் ஒன்பதைச் செய்துவிட்டானா? தவறிய ஒன்றை மட்டும் பேசி, அலகைத் தாண்டுங்கள். அரசாங்கப் பாடநூலில் எல்லாப் பக்கமும் நிரம்பினால்தான் தரம் முடிந்தது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை.

விஞ்ஞானத்திலும் வரலாற்றிலும் இவ்வளவு கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ஆறாம் தரத்தில் தொட்டது பின்னர் விரிவாகத் திரும்பி வரும். வேண்டுமானால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒரு வெப்பமானியோடு போங்கள். ஏழு கிணறுகளும் ஏழு சூட்டில் இருக்கின்றன. சின்னவன் குறைந்த சூட்டிலிருந்து கூடிய சூடுவரை வரிசைப்படுத்துவான், நடுப்பிள்ளை வரைபு கீறுவாள், பெரியவன் நிலத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கேட்பான். மூன்று தரத்துக்கும் ஒரே பயணம், ஒரே பஸ் செலவு.

ஆண்டைப் பங்கிடுவதிலும் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கச்சான் காற்று நெருப்பாய் வீசும் மாதங்களில் மத்தியானம் பிள்ளையைக் கணிதத்தோடு உட்கார்த்துவது பாவம், அதிகாலையில் முடித்துவிடுங்கள். வாடை தொடங்கி மழை வாசலைக் கட்டிவைக்கும் நாட்களில் கனமான பாடங்களை வையுங்கள். பாடசாலை ஆறு மணித்தியாலம் நடக்கிறது என்பதற்காக நீங்களும் ஆறு மணித்தியாலம் இருத்த வேண்டாம். வரவு இடாப்பும் வரிசையும் அமைதிப்படுத்தலும் போக, ஆரம்பப் பிரிவுப் பிள்ளை ஒருவனுக்கு ஒருவராக உட்கார்ந்து படிக்க இரண்டு, மிஞ்சினால் மூன்று மணித்தியாலம் போதும்.

பரீட்சைகளைப் பற்றி. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வினாத்தாளைத் தரம் ஏற்றும் அளவுகோலாக வைக்காதீர்கள். அது பிரபல பாடசாலை அனுமதிக்கும் உதவிப்பணத்துக்கும் ஆட்களைத் தெரிவு செய்வதற்காகத் தயாரிக்கப்படுவது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையைப் பதின்மூன்று வயதில் எழுதவைக்கத் திட்டம் போட்டிருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்று: எழுதியபிறகு? உயர்தரத்துக்குப் போக தாய்மொழி உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றில் மூன்று திறமைச் சித்தியும் வேண்டும். அதைத் தாண்டியபின் தன்னைவிட மூன்று வயது மூத்தவர்களோடு இரசாயன ஆய்வுகூடத்தில் நிற்கப்போகிறவன் உங்கள் பிள்ளை, நீங்கள் அல்ல. உண்மையாகவே ஒரு பாடத்தில் முன்னே ஓடும் பிள்ளையென்றால், லண்டன் பாடத்திட்டப் பரீட்சைகளைப் பாடம் பாடமாக வெவ்வேறு அமர்வுகளில் எழுத வழியுண்டு. கணிதத்தை முன்னதாக எழுதட்டும். மற்றவை அவற்றின் நேரத்துக்கு வரட்டும். செலவு மட்டும் கூடுதல், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலர் ஒருநாள் பிள்ளையைப் பாடசாலையில் திரும்பச் சேர்ப்பீர்கள். அப்போது அதிபர் முதலில் பார்ப்பது பிறப்புச் சான்றிதழை. வீட்டில் எட்டாம் தரம் படித்தவன் வயதின்படி ஆறில் உட்காருவான். அது உங்கள் உழைப்புக்கு அவமானம் என்று அலுவலக அறையில் குரலை உயர்த்தாதீர்கள். அந்தச் சண்டையைப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். வயதுத் தரத்திலேயே சேருங்கள், கணிதத்துக்கு மட்டும் மேல்வகுப்புப் பயிற்சி கொடுக்க முடியுமா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். சிலர் ஒத்துக்கொள்வார்கள். கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம்: ஒவ்வொரு பாடத்திலும் தவணைக்கு ஒன்றாகத் திகதியிட்ட கொப்பிகள், பிள்ளை தன் கையால் எழுதிய இரண்டு மூன்று கட்டுரைகள், வாசித்த புத்தகங்களின் பட்டியல், இவ்வளவும் ஒரு கோவையில் இருக்கட்டும். பிழைவிட்ட பக்கங்களைக் கிழித்து எடுத்துவிடாதீர்கள். ஆசிரியர்கள் முதலில் புரட்டுவது அவற்றைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை