கொர்யூசாயை நானே எழுதி முடிக்கிறேன்

உனக்கு,

பெயர் போடவில்லை. நம் இரண்டு பேரையும் தெரிந்தவர்கள் இங்கே படிக்கிறார்கள், பேச்சு ஏன் நின்றதென்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டு ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியர் கொர்யூசாய் பற்றி நாம் தொடங்கிய கட்டுரையைத் தனியாகவே முடிப்பதென்று முடிவெடுத்துவிட்டேன். யார் வாயிலிருந்தோ உன் காதுக்கு வருவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய அந்தத் தூண் அச்சு, வீட்டுத் தூணில் ஒட்டுவதற்கான ஒடுங்கிய நீளப் படம், ஞாபகமிருக்கிறதா? 70 செ.மீ. உயரம், அகலம் ஒரு சாண்கூட இல்லை, அதற்குள் பனியில் குடை பிடித்து நிற்கும் பெண். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ குனிந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பார்த்துவிட்டு, "பனிக்கு மையே இல்லடி" என்றாய். குடைமேல் இருந்தது வெறும் தாளின் வெள்ளை, மை தடவாத கட்டையை அழுத்தியதில் லேசாகப் புடைத்திருந்தது. உன்னோடு நின்றதால்தான் அதைப் பார்த்தேன்.

அப்படிப் பார்த்த நீயா பிறகு "ஹாருனோபுவின் நகல்தானே, யார் படிப்பார்கள்" என்றாய்? ஆரம்பத்தில் அந்த மூத்த அச்சு ஓவியரின் சாயல் இருந்தது, சரி. ஹாருனோபு 1770இல் இறந்துவிட்டார். அப்புறம் 1776 வாக்கில் கொர்யூசாய் தொடங்கிய வரிசையில், எடோ நகரின் (இன்றைய டோக்கியோ) கணிகையர் பகுதியான யோஷிவாராவின் பெண்கள் புத்தாண்டுப் புது உடையில் நிற்கும் 100க்கும் மேற்பட்ட படங்கள், பெரிய தாளில், கனத்த உருவங்களோடு, அந்த ஆரஞ்சுச் சிவப்போடு! அதை யாரைப் பார்த்து நகலெடுத்தாராம்? எஜமானை இழந்த சாமுராய், எடோவில் யகென்போரியின் துறவி என்று கையெழுத்திட்டவர், 1780களின் தொடக்கத்தில் ஹொக்கியோ என்ற கௌரவப் பட்டம் பெற்று, அச்சை விட்டுத் தூரிகை ஓவியத்துக்கே போய்விட்டார். அவர் பெயர் மங்கியதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. தூண் அச்சுகளை வீட்டுத் தூணில் ஒட்டினார்கள், மாட்டினார்கள், புகை பிடித்தது, கிழிந்தது, எஞ்சியவை குறைவு. இதெல்லாம் உனக்குத் தெரியும், தெரிந்தேதான் அப்படிச் சொன்னாய் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

உன்னைக் கேட்காமல் முடிவெடுத்ததற்கு மன்னித்துவிடு. ஆனால் கேட்டிருந்தால் மறுபடியும் "பார்க்கலாம்" என்றுதானே சொல்லியிருப்பாய்? அந்த "பார்க்கலாம்"இல் எத்தனை மழைக்காலம் போனதென்று உனக்கே தெரியும். உன் அம்மாவின் உடம்பு, அதற்கப்புறம் நடந்தது, எல்லாம் எனக்குப் புரிகிறது. அதை இங்கே எழுத மாட்டேன்.

பனியைப் பற்றிய பத்தி நீ எழுதியது, ஒரு சொல்லும் மாற்றவில்லை. உன் பெயரை முதலில் போடப் போகிறேன். வேண்டாமென்றால் இந்த மாதக் கடைசிக்குள் சொல், இல்லையென்றால் அப்படியே போய்விடும்.