காலில் மிதிபடாத முருகன்

பினாங்கு, கோலாலம்பூர் நண்பர்களுக்கு,

பந்தல் பேனர்கள் எல்லாம் நல்லபடியாக ஏறிவிட்டன. பேனர் எழுத்துகளை வில் வளைவில் நிறுத்தும் நம் செயலி தைப்பூசத்துக்கு முந்தின வாரம் காலை வாரிவிட்டது உங்கள் எல்லாருக்கும் தெரியும். மறுபடி அதைக் கிளறப் போவதில்லை. நேற்றுதான் ஒழுங்காகத் தூங்கினேன். சூடு ஆறுவதற்குள் நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய மூலநிரலைப் பென்டிரைவில் பத்திரமாக வைத்திருந்த பட்டர்வொர்த் நண்பர், லிட்டில் இந்தியாவில் கடை அடைத்த பிறகும் மாதிரி அடித்துக் கொடுத்த அச்சகத்துப் பையன்கள், கோலாலம்பூரிலிருந்து இரவெல்லாம் கூட உட்கார்ந்து பிழை தேடிய மாணவி, சாப்பாடு கட்டி அனுப்பிய அக்கா, எல்லாருக்கும் நன்றி. முகம் தெரியாத சிலருக்கும். 'கொ' என்பது கணினிக்கு ககரமும் ஒரே ஓர் உயிர்க்குறியும்தான். அந்தக் குறியை இரண்டாக்கி, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைத்துத் தருகிற 'ஹார்ஃப்பஸ்' என்ற நிரலை இலவசமாக எழுதி வைத்தவர்கள் இல்லையென்றால் நாங்கள் தொடங்கியே இருக்க மாட்டோம்.

சரி, இப்போது அந்தப் பெரியவர்.

அச்சகத்துப் பையன்களில் ஒருவனின் தாத்தா. ஒரு காலத்தில் டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் பலகை எழுதியவர். பிளெக்ஸ் வந்ததும் தூரிகையை வைத்துவிட்டார். அன்றிரவு கடை மூலையில் உட்கார்ந்திருந்தவர், வில் வளைவில் அடித்த 'முருகா'வை எட்டிப் பார்த்து, "தம்பி, மு-வும் ரு-வும் கால மிதிச்சிக்கிட்டு நிக்குது பாரு" என்றார். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் நாளிதழில் சுற்றிய ஒரு சுருளோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். உள்ளே டிரேசிங் பேப்பர்கள். பந்தல்களுக்கும் கோயில் வளைவுகளுக்கும் அவர் எழுதிப் பழகிய எழுத்துகள். "பாத்துட்டுக் குடு, அவசரமில்ல." பாலும் சீனியும் இல்லாத ஒரு தே ஓ கோசோங் மட்டும் குடித்தார். பணத்தை எடுத்து நீட்டினால் கோபம் வேறு.

அந்தத் தாள்களில் எழுத்துக்கு அடியில் பென்சிலால் இரண்டு வில்கள். ஒன்று எழுத்து நிற்கும் கோடு, மற்றது உகரத்தில் கீழே இறங்கும் கால் போய் முடியும் கோடு. நடுப்பகுதி மேலே உயர்ந்த வில்லில் கீழே போகப் போக இடம் குறுகும். நிற்கும் கோட்டின் ஆரம் 100 என்றால், அதற்கு 20 கீழே இறங்கும் காலுக்கு 80 பங்கு இடம்தான் கிடைக்கும். வளைவில் எழுத்தை நிறுத்தும் செயலிகள் பொதுவாக நிற்கும் கோட்டிலேயே இடைவெளியை அளக்கின்றன. ஆங்கிலத்துக்கு அது போதும். சிறிய எழுத்துகளில் ஜி, ஜே, பி, க்யூ, ஒய் ஐந்துதான் பொதுவாகக் கீழே இறங்குபவை. நமக்கோ உகரம் ஏறினால் மு, ரு, ழு, கு என்று வரிசையாகக் கால் நீட்டும். பெரியவர் காலுள்ள எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கீழ் வில்லில் கவராயம் வைத்து அளந்திருக்கிறார். எழுத்தையும் அவர் வளைக்கவில்லை. முழு எழுத்தாகவே திருப்பி நிறுத்தியிருக்கிறார். கொம்பும் காலும் தன் மெய்யோடு சேர்ந்தே திரும்புகின்றன. புதிய பதிப்பில் இரண்டு வில்லிலும் அளந்து, எது அதிக இடம் கேட்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறோம். நிரலில் சில வரிகள்தான்!

அப்புறம் படம். முருகன் படம் துணியில் அச்சாகிக் காற்றில் அலைவது போன்ற விளைவைக் காட்டினேன். இதற்குக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும்: புதுப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் பழைய படத்தில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று கேட்டு நிறத்தை எடுக்க வேண்டும். முன்பக்கமாகத் தள்ளினால் நடுநடுவே ஓட்டை விழும். அவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "துணி ஆடட்டும், சாமி மொகம் ஆடக் கூடாது" என்றார். முகத்தின் மேல் ஒரு மறைப்பு வைத்து, அங்கே இடப்பெயர்ச்சியைச் சுழியமாக்கி, ஓரத்தில் மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போனால் அவர் கேட்டது வருகிறது. எனக்கு அது தோன்றியிருக்காது.

இந்தத் தீவில் இன்னும் எத்தனை வீட்டு அலமாரி மேல் இப்படிச் சுருள்கள் கிடக்கின்றனவோ. எழுதியவர்கள் போனால் பழைய பேப்பர்காரனுக்குத்தான் போகும். அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன்: அவருடைய தாள்கள் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, அவர் சம்மதத்தோடு எல்லாருக்கும் இலவசமாகத் தருவேன். பேர் மட்டும் போடக் கூடாதாம். தண்ணீர்ப் பந்தல் போடுகிற யாரிடமும் இந்தச் செயலிக்குக் காசு வாங்க மாட்டேன், எப்போதும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ பலகை எழுதியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன். முகத்தை அசையாமல் வைக்கும் பகுதி இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. பெரிய படங்களுக்கு ரொம்ப நேரம் எடுக்கிறது. அது சரியாகும்வரை பழைய பதிப்பை அழித்துவிடாதீர்கள்.