வீடு அவருக்கு, கடன் எனக்குமா?

ஆசிரியருக்கு,

நானும் இன்னொருவரும் சேர்ந்து வங்கிக் கடனில் இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டைவிட்டு நான் வெளியேறி இரண்டு வருடமாகிறது. தவணையை இனி அவரே கட்டுவதாக எங்களுக்குள் எழுதிக் கையெழுத்தும் போட்டோம். சரி, முடிந்தது என்றிருந்தேன். அவர் மூன்று தவணை கட்டாமல் விட்டதும் வங்கி என்னைக் கூப்பிட்டது. எங்கள் காகிதம் அவர்களைக் கட்டுப்படுத்தாதாம்; கடன் வாங்கிய இருவரில் யாரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாமாம். பாதிப் பங்கு என்பதெல்லாம் எங்கள் கணக்குதான்!

அவருடைய வருமானம் மட்டுமே போதும் என்று வங்கி ஒப்புக்கொண்டால் என் பெயர் நீங்கும். இல்லையென்றால் வீட்டை விற்றுக் கடனை அடைக்க வேண்டும். அவரோ இரண்டுக்கும் அசையவில்லை. இதற்கிடையில் எனக்குப் புதுக் கடனும் மறுக்கப்பட்டது.

கூட்டுக்கடன் கொடுக்கும்போதே ஒருவர் விலகினால் என்ன ஆகும் என்பதை வங்கிகள் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடட்டும்.

ஒரு வாசகி