ஒரே ஊசியில் முடிகிற காரியமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மரபணுச் சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுத்து சிக்கலில்லாமல் ஓடியது, படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் 'பரம்பரை நோய்களுக்கு இனி ஒரே ஊசி' என்று தலைப்புப் போட்டீர்களே, அங்கேதான் இடிக்கிறது. என் அக்கா மகனுக்குப் பிறவியிலேயே கடுமையான ஹீமோஃபிலியா ஏ, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய். இதழ் வந்த அன்றே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். "எப்போ போடப் போறீங்க?" என்று திருச்சியிலிருந்து சித்தப்பா போன் செய்கிறார். அக்காவுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

நான் பெங்களூரில் ரத்த வங்கி ஒன்றில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆராய்ச்சியாளன் அல்ல. ஆனாலும் வெவ்வேறு சிகிச்சைகளை உங்கள் கட்டுரையாளர் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருப்பது எனக்கே தெரிந்தது.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 2025இல் கே.ஜே. என்ற கைக்குழந்தைக்குக் கொடுத்த மருந்து நேராக உடம்புக்குள் போனது. ரத்தத்தில் அம்மோனியா சேருகிற அரிய நோய் அது. மரபணுவில் பிழையான ஒரே ஓர் எழுத்தைத் திருத்த, அந்தக் குழந்தைக்கென்றே மருந்து தயாரித்து, கொழுப்புத் துகள்களில் பொதிந்து கல்லீரலுக்கு அனுப்பினார்கள். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதையும் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை ஏற்றினார்கள்.

கட்டுரையில் அதற்கு அடுத்த பத்தியிலேயே வரும் 'காஸ்ஜெவி' முற்றிலும் வேறு. பரம்பரை ரத்த நோய்களான அரிவாள் செல் நோய்க்கும் தலசீமியாவுக்கும் 2023 நவம்பரில் பிரிட்டன் இதற்கு அனுமதி கொடுத்தது. டிசம்பரில் அமெரிக்காவும் அரிவாள் செல் நோய்க்குக் கொடுத்தது. நோயாளியின் ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் மரபணுவை வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் முறையில் திருத்தி, மறுபடி ஏற்றுகிறார்கள். திருத்திய செல்கள் போய் உட்கார எலும்பு மஜ்ஜையில் இடம் வேண்டுமே? அதற்காகப் பழைய செல்களைக் கடுமையான கீமோ மருந்து கொடுத்து அழிக்கிறார்கள். முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிவிடும். புதிய செல்கள் பிடிக்கும்வரை வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம். பிள்ளைப்பேற்றையே பாதிக்கலாம் என்பதால் விந்தையோ கருமுட்டையையோ முன்கூட்டியே சேமித்து வைக்கச் சொல்கிறார்கள். மூன்று பக்கக் கட்டுரையில் இதில் ஒரு வரிகூட இல்லை. சுமார் 22 லட்சம் டாலர் என்ற விலையும் இல்லை.

ஹீமோஃபிலியா ஏ நோய்க்கு 'ஒரே தடவை' என்று சொல்லத்தக்க மருந்து ஒன்று வந்தது. 2023 ஜூனில் அமெரிக்கா அனுமதித்த 'ராக்டேவியன்', அப்போது விலை 29 லட்சம் டாலர். ஆபத்தில்லாத ஒரு வைரஸ் மூலமாக மரபணுவைக் கல்லீரலுக்குள் கொண்டுபோகிறது. அந்த வைரஸுக்கு எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடி) ஏற்கெனவே உடம்பில் இருந்தால் கொடுக்க முடியாது. கொடுத்தவர்களுக்கும் ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 8 புரதத்தின் அளவு வருடங்கள் போகப் போக இறங்குகிறது.

எனக்கு உண்மையான வருத்தம், வேலூர் சி.எம்.சி. பற்றி ஒரு வார்த்தை இல்லாததுதான். இங்கே காலையில் ரயில் ஏறினால் மதியத்துக்குள் காட்பாடி. சி.எம்.சி. மருத்துவர்களும், பெங்களூர் இன்ஸ்டெம் என்ற ஸ்டெம் செல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலூர்ப் பிரிவும், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் 5 பேருக்குச் செய்த சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தன. ஃபேக்டர் 8 தயாரிக்கும் மனித மரபணுவோடு பன்றி மரபணுவின் பகுதியையும் இணைத்து, நோய் தராதபடி மாற்றிய லென்டிவைரஸ் என்ற வைரஸ் மூலம் அவரவர் ஸ்டெம் செல்களுக்குள் செலுத்தினார்கள். பன்றியின் ஃபேக்டர் 8 கூடுதலாகச் சுரக்கும் என்பதால் அந்த ஏற்பாடு. ஐந்து பேரின் கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதம். அதில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை.

ரத்தக்கசிவு இல்லை என்பதன் அர்த்தம் எங்கள் வீட்டுக்குத் தெரியும். முழங்கால் வீங்கினால் நள்ளிரவானாலும் ஃபிரிட்ஜிலிருந்து ஃபேக்டர் குப்பியை எடுத்து, பொடியில் தண்ணீரை விட்டு, நுரைக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். குலுக்கக் கூடாது. அப்புறம் நரம்பு கிடைக்க வேண்டும். அது ஒரு தனிப் பாடு.

வேலூரிலும் கீமோ உண்டு. 5 பேர் என்பதும் சிறிய எண்ணிக்கை. இது முதல்கட்டச் சோதனை, போய்க் கேட்டால் கிடைத்துவிடாது. இதையும் சேர்த்து எழுதினால் வாசகர் ஏமாற மாட்டார்.

இன்னொன்று. 'தாயிடமிருந்து மகனுக்கு வரும் நோய்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டீர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்குமே இந்த நோய் இருந்ததில்லை. மரபணு மாற்றம் புதிதாக நேர்கிறது. அக்கா புகுந்த வீட்டில் இருபது வருஷமாக வாங்கிய பேச்சு போதும், அச்சிலும் வேண்டாமே.

அக்கா மகனுக்கு நானே உட்கார்ந்து விளக்கினேன். "கீமோவா மாமா? சரி, படிப்பு முடியட்டும்" என்றான். சித்தப்பாவுக்கு விளக்க என்னால் முடியவில்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தக் குறிப்பும், முடிந்தால் வேலூர் மருத்துவர்களின் பேட்டியும் போட்டால் அதை அப்படியே குழுவில் போட்டுவிடுவேன்.

- ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு