நவம்பர் 30-க்குப் பிறகும் நாங்கள் கடலில்தான் இருக்கிறோம்

உலக வானிலை அமைப்பின் நான்காம் வட்டார (வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன்) சூறாவளிக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30-இல் முடிவதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பருவத்தின் கடைசி நாளோடு, மயாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியிட்டுவந்த, எங்கே புயல் உருவாகக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லும் வெப்பமண்டல வானிலை முன்னோட்டமும் நின்றுபோகிறது. அதன் பிறகு அது வழக்கம்போல் வெளிவரத் தொடங்குவது மே 15-இல்தான். இடையில் தேவை ஏற்பட்டால் சிறப்பு முன்னோட்டம் வரும் என்பதையும், ஆழ்கடலுக்கான காற்று, அலை அறிக்கைகள் ஆண்டு முழுவதும் தடையின்றி வருகின்றன என்பதையும் நான் அறிவேன். அவற்றை நம்பித்தான் எங்கள் பிழைப்பே நடக்கிறது. ஆயினும் அன்றாட முன்னோட்டத்தை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. அண்மையில் ஒரு டிசம்பரில், ஜிப்ரால்டரைக் கடந்து கரீபியன் கடலை நோக்கி நாங்கள் சென்றுகொண்டிருந்தபோது, அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, தேய்ந்துபோன குளிர்முகம் (குளிர்காற்றின் முன்விளிம்பு) ஒன்றிலிருந்து பிரிந்த காற்றழுத்தத் தாழ்வு தனியே சுழலத் தொடங்கியிருந்தது. பேரோமீட்டர் மெதுவாக இறங்கியது. வீசிய காற்றுக்குச் சற்றும் பொருந்தாத திசையிலிருந்து நீண்ட அலைகள் வந்தன. செயற்கைக்கோள் படத்தில் மேகங்கள் மையத்தை ஒட்டித் திரள்வதைக் கண்ட கேப்டன், தெற்கே விலகிச் செல்ல விரும்பினார். கப்பலை வாடகைக்கு எடுத்திருந்த நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது: பருவம் முடிந்துவிட்டது, முன்னோட்டத்தில் எதுவும் இல்லை, விலகிச் சென்றால் கூடுதல் எரிபொருளும் நேரமும் உரிமையாளர் கணக்கில் சேரும். கப்பலையும் ஆட்களையும் காக்கும் முடிவு கேப்டனுடையது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த முடிவின் விலையைப் பின்னர் யார் தலையில் கட்டுவது என்பதைக் காகிதங்கள்தான் தீர்மானிக்கின்றன, அவர் கையில் அன்று காட்டுவதற்குக் காகிதம் இல்லை. பாதி தூரமே விலகினோம்.

அன்றிரவு கப்பல் உருண்ட உருளலில், அடுப்பின் தடுப்புக் கம்பிகளைத் தாண்டிச் சரிந்த உலைப்பானை எங்கள் சமையல்காரரின் வலக்கையில் கொட்டியது. தூத்துக்குடிக்காரர், கப்பலிலேயே மூத்தவர். கப்பலில் மருத்துவப் பொறுப்பு இரண்டாம் அதிகாரியுடையது என்பதால் அவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். நிற்கவே முடியாத தளத்தில் ஒருவர் அவரை இடுப்போடு அணைத்துப் பிடித்திருக்க, முழங்கை முதல் மணிக்கட்டு வரை குளிர்நீரைத் தொடர்ந்து ஊற்றினேன். பிறகு கரையிலிருந்த மருத்துவரிடம் செயற்கைக்கோள் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, ஒட்டாத கட்டுத்துணியைச் சுற்றினேன். அவர் ஒருமுறைகூடக் கத்தவில்லை. மறுநாள் காலை உணவுக்கு யார் பொறுப்பு என்றுதான் கேட்டார். துறைமுகம் சேரும் வரை அவருக்கு மருத்துவமனை என்பதே இல்லை.

அந்தத் தாழ்வுக்குப் பெயர் சூட்டியிருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. புயலாக உருவெடுக்க இருபது விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று வரைபடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பகுதி தீட்டப்பட்டிருந்தால்கூட, எங்கள் கேப்டனின் சொல்லுக்கு எடை கூடியிருக்கும். வாய்ப்பு குறைவு என்றால் அதையும் நாள்தோறும் எழுதிவையுங்கள். அறிக்கையே வராத நாளைக் கரையில் இருப்பவர்கள் ஆபத்தில்லாத நாள் என்று படிக்கிறார்கள்.

டிசம்பர் புயல்கள் அரிதானவை, உண்மைதான். ஆனால் உங்கள் ஆவணங்களே அவற்றை வரிசையாகச் சொல்கின்றன. 2005-இல் எப்சிலான் டிசம்பர் 2-ஆம் தேதி சூறாவளியாக வலுப்பெற்று, தளர்ந்துவிடும் என்ற கணிப்புகளை மீண்டும் மீண்டும் பொய்யாக்கி, ஏறத்தாழ ஐந்து நாட்கள் அந்த வலுவிலேயே நீடித்தது. அதே ஆண்டு டிசம்பர் 30-இல் பிறந்த சீட்டா 2006 ஜனவரி 6 வரை உயிரோடிருந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் ஆலிஸ் 1954-இன் கடைசி நாட்களில் உருவாகி, புத்தாண்டில் லீவர்ட் தீவுகளைத் தாக்கியது. 2003 டிசம்பரில் ஒடெட் டொமினிக்கன் குடியரசில் கரையேறியது. 2007 டிசம்பர் 11-இல் ஓல்கா அதே நாட்டின் மேல் கடந்தபோது, அக்டோபர் இறுதியில் நோயல் நனைத்துவிட்டுப் போன மண்ணில் மறுபடியும் மழை கொட்டியது. தவேரா அணையின் மதகுகளைத் திறந்துவிட்டதும், யாக்கே டெல் நோர்த்தே ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் இரவோடு இரவாக வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. அந்தச் சாவுகளுக்கு நாட்காட்டி காரணம் என்று நான் சொல்லவில்லை. டிசம்பரும் ஆட்களைக் கொல்லும் மாதம் என்று மட்டும் சொல்கிறேன்.

இத்தகைய புயல்கள் ஆகஸ்டுப் புயல்களைப் போல ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அலையலையாகப் புறப்பட்டு வந்து பல நாள் அவகாசம் தருபவை அல்ல. பெரும்பாலும் அவை நடு அட்லாண்டிக்கில், சாதாரணக் குளிர்காலத் தாழ்வுகளாகத்தான் தொடங்குகின்றன. கடல்நீர், புயலுக்கு வழக்கமாகத் தேவைப்படும் 26.5 பாகை செல்சியஸுக்குக் குறைந்திருந்தாலும், மேலே உள்ள காற்று மிகக் குளிர்ந்திருந்தால் அந்த வேறுபாடே இடிமேகங்களை வளர்க்கப் போதுமானது. அத்தாழ்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இயல்பை மாற்றிக்கொண்டு, நாங்கள் ஏற்கெனவே பயணித்துக்கொண்டிருக்கும் தடத்திலேயே வெப்பமண்டலப் புயலாகிவிடுகிறது. அன்றாடம் கண்காணித்து எழுதிவைக்க வேண்டிய வகையே இதுதான்.

உங்களால் முடியாததை நான் கேட்கவில்லை. 2015 முதல் 2020 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்துக்கு முன்பே பெயரிட்ட புயல் வந்ததைக் கண்டுதானே, 2021 முதல் முன்னோட்டம் மே 15-இலேயே தொடங்குகிறது? வாசற்கதவை முன்னதாகத் திறந்து வைத்தவர்கள் கொல்லைக்கதவை மட்டும் பழைய நேரத்துக்கே சாத்துவது ஏன்? எங்கள் ஊர்ப் பக்கத்து வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் பொறுப்பான புது தில்லி மையம் வெப்பமண்டல முன்னோட்டத்தை ஆண்டு முழுவதும் நாள்தோறும் வெளியிடுகிறது. சொல்ல ஒன்றும் இல்லாத நாளிலும், ஒன்றும் இல்லை என்று சொல்கிறது.

மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நடு அட்லாண்டிக்கில் ஒரு புயல் திரும்பினால், கரைக்கு அச்சுறுத்தல் இல்லை என்று எழுதியதோடு உலகம் அதை மறந்துவிடுகிறது. அந்தக் கடலில் தானியமும் எண்ணெயும் இரும்புத் தாதும் தாமாக மிதந்து போவதில்லை. பிலிப்பைன்ஸ்காரர்களும் உக்ரேனியர்களும் இந்தியர்களும் அவற்றைக் கொண்டுபோகிறார்கள். கரையிலே ஒரு கூரை பறந்தால் படமெடுக்க ஆள் வருகிறது. எங்கள் கப்பலில் வெந்த கை, விபத்துப் பதிவேட்டில் நான் எழுதிய நான்கு வரிகளோடு நின்றுவிட்டது. கோபத்தில் எழுதுகிறேன் என்று தோன்றினால் பொறுத்தருள வேண்டும். கோபம் இருப்பது உண்மை.

ஆகவே, ஆண்டுதோறும் கூடும் உங்கள் குழுவின் அடுத்த அமர்வில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பணிவோடு வேண்டுகிறேன். பருவத்தின் தேதிகளை மாற்ற வேண்டாம். நவம்பர் 30-க்குப் பிறகும், குறைந்தது ஜனவரி நடுப்பகுதி வரை, ஒரு நாளைக்கு ஒருமுறையேனும் முன்னோட்டம் வெளிவரட்டும். நான்கு முறை வேண்டாம், ஒரே முறை போதும். அதில் ஏழு நாள் வரைபடமும் இருக்கட்டும், ஏனெனில் கரையில் எரிபொருள் கணக்குப் பார்ப்பவர்கள் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.

இங்ஙனம்,
அட்லாண்டிக் தடத்தில் பணியாற்றும் ஓர் இரண்டாம் அதிகாரி