60 நாள் எப்போது தொடங்குகிறது?

ஆசிரியருக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவில் வீட்டுக்குப் பின்னால் சிறு வீடு (ஏடியூ என்கிறார்கள், என் அம்மாவுக்கு அது 'பின்கட்டு') கட்டிக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பக்கத்திலும் பின்னாலும் 4 அடி விட்டால் போதும், அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டாம், அரை மைலுக்குள் பஸ் நிறுத்தம் இருந்தால் தனியாக பார்க்கிங் தேவையில்லை என்பதெல்லாம் சரிதான். ஆனால் '60 நாளில் அனுமதி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். நான் மாட்டிக்கொண்டது அந்த வரியில்தான்.

அம்மாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. அதனால் 2025 தொடக்கத்தில் 740 சதுர அடிக்கு பிளான் போட்டோம். 740 என்பது யோசித்து வைத்த அளவு. 750-க்குக் கீழே இருந்தால் பூங்கா, சாலை என்று வசூலிக்கும் இம்பாக்ட் ஃபீ கிடையாது. (500 சதுர அடியைத் தாண்டினால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டணம் வரலாம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அது போகட்டும்.)

விண்ணப்பம் கொடுத்து மூன்று வாரம் கழித்து, சாக்கடைக் குழாய் போகும் பாதையை வரையவில்லை என்று நகராட்சியில் திருப்பி அனுப்பினார்கள். வரைந்து கொடுத்தோம். அடுத்து, எரிசக்திக் கணக்கு அறிக்கை எங்கே என்றார்கள். அதுவும் கொடுத்தோம். அப்புறம், வேலியோரம் நிற்கும் ஓக் மரம் பிளானில் இல்லையாம். அந்த மரம் முதல் நாளிலிருந்தே அங்கேதான் நிற்கிறது! மூன்றையும் ஒரே கடிதத்தில் கேட்டிருக்கலாம். நாலரை மாதம் ஓடிவிட்டது.

60 நாள் என்ன ஆயிற்று என்று கவுண்டரில் கேட்டேன். விண்ணப்பம் 'முழுமை' அடைந்த பிறகுதான் நாள் எண்ணுவோம், உங்களுடையது இன்னும் முழுமை ஆகவில்லை என்றார் அங்கிருந்தவர். நிராகரித்தால் குறைகள் அத்தனையையும், சரிசெய்யும் வழியோடு, எழுத்தில் தர வேண்டும் என்று 2023 முதல் சட்டம் இருக்கிறதே என்றேன். "நாங்கள் நிராகரிக்கவே இல்லையே, திருப்பித்தானே அனுப்பினோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இந்த ஓட்டையை இப்போது அடைத்திருக்கிறார்கள். 2026 ஜனவரி முதல், விண்ணப்பம் முழுமையாக இருக்கிறதா இல்லையா என்பதை 15 வேலை நாளுக்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். முழுமையாக இல்லையென்றால் என்னென்ன குறை என்ற பட்டியலும் கூடவே வர வேண்டும். கட்டுரையில் இது விடுபட்டிருக்கிறது. கட்ட நினைக்கும் வாசகர்களுக்கு 4 அடி கணக்கைவிட இதுதான் அவசரமாகத் தெரிய வேண்டியது.

நகராட்சி முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்து வைத்திருக்கும் பிளானில் ஒன்றை எடுத்துக்கொண்டால் கெடு 30 நாள்தான். எங்கள் மனை ஒடுக்கமானது, ஒன்றும் பொருந்தவில்லை. உங்களுக்குப் பொருந்தினால் ஜன்னல் இடம் மாறுகிறதே என்று பார்க்காதீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் பெற்றுக்கொண்டதாக வரும் மின்னஞ்சலையும் பத்திரமாக வையுங்கள். அந்த 15 வேலை நாளை எண்ணுவது அந்தத் தேதியிலிருந்துதான்.

எங்களுக்கு ஒருவழியாக அனுமதி கிடைத்துவிட்டது. அஸ்திவாரம் தோண்டியாயிற்று. ஓக் மரம் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கலிஃபோர்னியா