மாலை போட்ட மூன்றாம் நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுவால் கல்லீரலுக்கு நேரும் கேடுகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி என அதில் சொல்லப்பட்ட அனைத்தையும், அரசு மருத்துவமனை ஆண்கள் வார்டில் செவிலியராக இருந்த காலத்தில் அன்றாடம் பார்த்தவள் நான். ஆனால், பல ஆண்டுகளாகத் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தும்போது நேரக்கூடிய ஆபத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கார்த்திகை நெருங்குவதால் இதை எழுதுகிறேன்.

சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களில் முந்தின இரவுவரை குடித்தவர்களும் உண்டு. மாலை கழுத்தில் ஏறியதும் பாட்டிலைத் தொடாத அவர்களுடைய உறுதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், மதுவின் மந்தத்தை எதிர்த்து நாள்தோறும் முடுக்கிவிடப்பட்டே பழகிய நரம்பு மண்டலம், அந்த மந்தம் திடீரென விலகியதும் கட்டுக்கடங்காமல் போகிறது. சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாளையொட்டிச் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாதவை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். இந்தக் கடைசி நிலை உயிரையே பறிக்கக்கூடியது.

ஒரு கார்த்திகையில் கருப்பு வேட்டியுடன் கொண்டுவரப்பட்ட தையல்காரர் ஒருவர், இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோத்து, போர்வையின் ஓரத்தை இரவெல்லாம் தைத்துக்கொண்டிருந்தார். நடுநடுவே கையில் எறும்பு ஊர்வதாகச் சொல்லித் தட்டிவிட்டார். விரதத்தில் ஏதோ பிசகு, சாமி குத்தம் என்று நம்பிய அவருடைய தாயார், குறி கேட்பதிலும் திருநீறு போடுவதிலும் ஒரு முழுநாளைக் கழித்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். நல்லவேளையாக மகன் பிழைத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நடுக்கத்தோடு வருபவருக்குத் தெம்புக்காகக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றி அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நாட்பட்ட குடியாலும் சரியாகச் சாப்பிடாததாலும் உடலில் தயமின் எனப்படும் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி, பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, நினைவாற்றல் நிரந்தரமாகவே கெட்டுப்போகலாம்.

“ஒரு குவார்ட்டர்தான் சிஸ்டர்” என்று வீட்டார் லேசாகச் சொல்வார்கள். 42.8 சதவீதச் சரக்கில் 180 மில்லி என்பது ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால். தினமும் அவ்வளவு உள்ளே போகிறவருக்கு, காலையில் எழுந்ததும் கை நடுங்கி, கொஞ்சம் குடித்தால்தான் நிற்கிறது என்றால், அவர் தாமாக நிறுத்துவது நல்லதல்ல. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முன்கூட்டியே காட்டினால், நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை கொடுத்து, அந்த மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, சில நாட்களில் நிறுத்திவிடுவார்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

மாலை போட்டுவிடும் குருசாமிகள், சாமிமார்களைத் தனியே அழைத்து, “காலையில் கை நடுங்குகிறதா, கொஞ்சம் குடித்தால்தான் நிற்கிறதா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் போதும். அவர்களிடம் யாரும் பொய் சொல்வதில்லை. ஐப்பசி முடிவதற்குள் இது பற்றிய சிறு அறிவிப்பு ஒன்றைத் தங்கள் ஆன்மிகப் பக்கத்திலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மருத்துவப் பக்கத்தை அவர்கள் புரட்டுவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.